செல்டிக் பார்க்கில் ஜெயித்தது யார்?

1912 செப்டம்பர் 2-ம் தேதி, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த செல்டிக் பார்க் மைதானத்தில், மழையில் ஊறிப்போன தரையில் ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவின் அமெச்சூர் அத்லெடிக் யூனியன், சுருக்கமாக ஏ.ஏ.யு., நடத்திவந்த ‘ஆல்-ரவுண்ட்’ சாம்பியன்ஷிப் அது. இன்றைய டெகாத்லானுக்கு மூத்த பங்காளி என்று சொல்லலாம். ஆனால் இளையவனைவிட முரடு. டெகாத்லானில் பத்துப் போட்டிகளை இரண்டு நாளுக்குப் பிரித்து வைக்கிறார்கள். இங்கே பத்தும் ஒரே நாளில். 100 கெஜ ஓட்டம், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், அரை மைல் நடை, சம்மட்டி எறிதல், கோலூன்றித் தாண்டுதல், 120 கெஜத் தடை ஓட்டம், 56 பவுண்டு இரும்பு வீசுதல், நீளம் தாண்டுதல், எல்லாம் முடிந்து கால் தள்ளாடும் நேரத்தில் ஒரு மைல் ஓட்டம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க ஐந்து நிமிடம்தான் இடைவெளி. இருபத்தைந்து கிலோ இரும்பை வீசிய உடம்பின் நடுக்கம் அடங்குவதற்குள் நீளம் தாண்ட ஓடிவந்தாக வேண்டும்.

அன்று ஜெயித்தவர் ஜிம் தோர்ப். ஓக்லஹோமாவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டாத்லான், டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. செல்டிக் பார்க்கில் பத்தில் ஏழு போட்டிகளில் முதலிடம். மொத்தம் 7,476 புள்ளிகள். அதுவரை இருந்த சாதனை, மார்ட்டின் ஷெரிடன் 1909-ல் எடுத்த 7,385. ஷெரிடன் அயர்லாந்தில் பிறந்து நியூயார்க் போலீஸில் வேலை பார்த்தவர். இதே பட்டத்தை மூன்று முறை வென்றவர். செல்டிக் பார்க் அவருடைய சங்கத்தின் சொந்த மைதானம். தன் சாதனை உடைவதை அங்கேயே நின்று பார்த்தார். உடைத்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்தார்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அந்தப் போட்டியின் முடிவு மாறிவிட்டது. 1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரப் பத்திரிகை ஒன்று, தோர்ப் முன்பே காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியதாகச் செய்தி போட்டது. செய்தி உண்மைதான், 1909, 1910 ஆண்டுகளில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் ஊர் அணிக்கு ஆடியிருந்தார். காசு வாங்கியவர் அமெச்சூர் ஆக மாட்டார். ஒரு விளையாட்டில் வாங்கினாலும் எல்லா விளையாட்டிலும் தொழில்முறை ஆட்டக்காரர் என்றே கணக்கு. ஸ்டாக்ஹோம் தங்கங்கள் திருப்பி வாங்கப்பட்டன. ஏ.ஏ.யு. தன் புத்தகத்திலிருந்தும் அவர் பெயரை எடுத்தது. செல்டிக் பார்க் பட்டம் இரண்டாவதாக வந்த ஜான் பிரெடமஸிடம் போனது.

ஸ்டாக்ஹோம் பதக்கங்களைப் பற்றி நூறு வருடமாக எழுதிவிட்டார்கள். செல்டிக் பார்க் அந்தப் பெரிய கதையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஒலிம்பிக்கில் இருந்த குழப்பங்கள் இங்கே இல்லை. போட்டி நடத்தியது ஏ.ஏ.யு., விதி போட்டது ஏ.ஏ.யு., புள்ளி கூட்டியது ஏ.ஏ.யு., அழித்ததும் அதே ஏ.ஏ.யு. அதனால் அமெச்சூர் விதி என்ற ஒன்று எப்படி வேலை செய்தது என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க வசதியான இடம் இது. விதியை மீறியவருக்குத் தண்டனை கொடுக்க ஒரு சங்கத்துக்கு உரிமை உண்டு. பட்டத்தைப் பறிக்கலாம், இனிமேல் மைதானத்துக்குள் வராதே என்று சொல்லலாம். ஆனால் ஒரு மனிதர் நாள் முழுக்க எல்லார் கண்முன்னும் எடுத்த புள்ளிகளை எடுக்கவே இல்லை என்று பதிவுசெய்யும் உரிமை யாருக்கும் கிடையாது. அப்படிப் பதிவுசெய்யும் வசதி ஏ.ஏ.யு.வுக்கு இருந்தது, அந்த வசதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அமெச்சூர் தூய்மை என்று சொல்லப்பட்டதன் உள்ளடக்கமும் தெரிந்துவிடும்.

சாதனைப் புத்தகம் யார் கையில் இருந்தது என்று முதலில் பார்ப்போம். ஏ.ஏ.யு.வின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவன். அன்றைய அமெரிக்கத் தடகளத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ‘ஸ்பால்டிங்’ என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனி ஆண்டுதோறும் வெளியிட்ட தடகளப் பஞ்சாங்கம் போன்ற புத்தகத்தில் வந்தால்தான் சாதனை சாதனை. அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவரும் சல்லிவன்தான். அந்தக் கம்பெனியின் பதிப்பகப் பிரிவுக்குத் தலைவராக இருந்து சம்பளம் வாங்கினார். பந்து, மட்டை, பனியன், புத்தகம் என்று விளையாட்டை விற்றுப் பிழைக்கும் தொழிலில் இருந்த ஒருவர், விளையாடிக் காசு பார்ப்பது கேவலம் என்ற விதிக்குக் காவலராக இருந்திருக்கிறார். இதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. விதி ஆட்டக்காரரைத்தான் கட்டியது. நிர்வாகியையும் வியாபாரியையும் பயிற்சியாளரையும் டிக்கெட் விற்றவரையும் அது தொடவில்லை. தோர்ப்புக்கு முன்பே சல்லிவனின் அழிப்பான் ஒரு பெயரைப் பார்த்திருக்கிறது. ஆர்தர் டஃபி 1902-ல் 100 கெஜத்தை 9.6 விநாடியில் ஓடியவர். 1900 முதல் 1903 வரை தொடர்ந்து நான்கு வருடம் இங்கிலாந்தின் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பிலும் அதே தூரத்தில் முதலிடம். 1905-ல் தான் காசு வாங்கியதுண்டு, பெரிய ஓட்டக்காரர்கள் பலரும் வாங்குகிறார்கள் என்று பத்திரிகையில் வெளிப்படுத்தினார். சல்லிவன் அவருடைய சாதனைகளைப் புத்தகத்திலிருந்து தூக்கிவிட்டார். பலரும் வாங்குகிறார்கள் என்று சொன்ன பாதி அப்படியே கிடந்தது. வாங்கினேன் என்று சொன்னவர் மட்டும் காணாமல் போனார்.

இந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. விக்டோரியா கால இங்கிலாந்தின் கனவான்கள் தங்களுக்குள் ஓடிப் பார்க்க விரும்பியபோது உருவானது. 1866-ல் லண்டனில் தொடங்கிய அமெச்சூர் அத்லெடிக் கிளப், அமெச்சூர் யார் என்று வரையறுத்தபோது, காசு வாங்காதவர் என்பதோடு நிற்கவில்லை. இயந்திர வேலையாள், கைவினைத் தொழிலாளி, கூலியாள் எவரும் அமெச்சூர் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. காசு வாங்கினாரா என்ற கேள்வியே அங்கே எழாது. கையால் வேலை செய்பவன் காசே வாங்காமல் ஓடினாலும் வெளியேதான் நிற்க வேண்டும். 1880-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன் அமைந்தபோது தடகளம் இந்த வரியைக் கைவிட்டது. படகுப் போட்டிக்காரர்களுக்கு மனம் வரவில்லை. ஹென்லி படகுப் போட்டி 1937 வரை அதைக் கட்டிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ‘ஜென்டில்மென்’, ‘பிளேயர்ஸ்’ என்று இங்கிலாந்து தன் ஆட்டக்காரர்களை இரண்டு சாதியாகப் பிரித்து ஆண்டுதோறும் மோதவிட்டது. 1962-ல்தான் அதற்கு முடிவு வந்தது. அதில் அமெச்சூர்களின் தலைவராக விளங்கிய டபிள்யூ.ஜி. கிரேஸ், செலவுத் தொகை என்றும் நன்கொடை என்றும் வாங்கிய பணம் பெரும்பாலான தொழில்முறை ஆட்டக்காரர்கள் கனவிலும் காணாதது. கிரேஸ் கடைசிவரை அமெச்சூர்தான்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அமெச்சூர் விதி வர்க்கத் திமிரில் மட்டும் பிறக்கவில்லை, சூதாட்டத்தின் பயத்திலும் பிறந்தது என்பார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பந்தயம் கட்டி ஓடவைத்த தொழில்முறை ஓட்டப் போட்டிகள் நாறிப்போய்க் கிடந்தன. 1887 செப்டம்பரில் லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் ஹட்சன்ஸ், ஜென்ட் என்ற இரண்டு பெரிய ஓட்டக்காரர்கள் மோதுவதாக இருந்தது. யார் ஜெயிப்பது என்பதில் பந்தயக்காரர்களுக்குள் பேரம் படியவில்லை. ஓட்டக்காரர்கள் ஓடவே வரவில்லை. காசு கொடுத்துக் காத்திருந்த ஆயிரக்கணக்கான கூட்டம் மைதானத்தை உடைத்துக் கொளுத்தியது. இதைப் பார்த்த ஒருவர், ஓட்டத்திலிருந்து பணத்தை எடுத்துவிடுவோம் என்று நினைத்தால் அவரைக் கோபிக்க முடியாது. ஆனால் நோய் இருந்தது பந்தயக்காரர்களிடம். மருந்து கொடுத்தது சம்பளத்துக்கு. தோர்ப் ராக்கி மவுண்டில் வாங்கியது ஆட்டத்தை விற்றதற்கான காசு இல்லை. ஆடியதற்கான கூலி, அதுவும் சொற்பம். அவர் தோற்றுக்கொடுத்ததாக வூஸ்டர் பத்திரிகையும் சொல்லவில்லை, சல்லிவனும் சொல்லவில்லை.

அந்தக் கூலி வந்த வழியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தோர்ப் படித்தது பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில். 1879-ல் ராணுவ அதிகாரி ஒருவர் தொடங்கியது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து, வெள்ளையராக்கிப் பார்க்கும் திட்டம். அங்கே ‘அவுட்டிங்’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பிள்ளைகளை அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களின் வீட்டுக்கும் பண்ணைக்கும் வேலைக்கு அனுப்புவார்கள். சொற்பக் கூலி கிடைக்கும். பண்ணைக்குப் போவதற்குப் பதிலாக தோர்ப் வேறு இரண்டு மாணவர்களோடு பேஸ்பால் ஆடப் போனார். வயலில் களை எடுத்துக் கூலி வாங்கியிருந்தால் செல்டிக் பார்க் பட்டம் அவர் பெயரில் நின்றிருக்கும். அதே கோடையில் அதே இரண்டு கையால் பந்து வீசிக் கூலி வாங்கியதால் போனது. இதற்கிடையே கார்லைலின் அமெரிக்கக் கால்பந்து அணி பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதி டிக்கெட் வசூலை அள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பணம் பயிற்சியாளர் பாப் வார்னரின் பிடியில் இருந்த விளையாட்டு நிதிக்குப் போனது. 1914-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு பள்ளிக்கு வந்து விசாரித்தபோது அந்த நிதியின் கதையெல்லாம் வெளியே வந்தது. அதாவது, தோர்ப்பின் கால்கள் பணம் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தன. வாங்கியவர் வார்னராக இருந்தவரை அமெச்சூர் தூய்மைக்குப் பங்கம் வரவில்லை.

விதி விதிதானே, தெரிந்துதானே மீறினார் என்பது இன்னொரு வாதம். மீறினார் என்பதில் சந்தேகமே இல்லை, அவரும் மறுக்கவில்லை. சல்லிவனுக்கு எழுதிய கடிதத்தில் ஆடியதையும் வாங்கியதையும் ஒப்புக்கொண்டு, தான் ஒரு பூர்வகுடிப் பள்ளி மாணவன், இதெல்லாம் முழுதாகத் தெரியாது, மற்ற கல்லூரிப் பையன்கள் செய்ததைத்தான் செய்தேன், அவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள், நான் ஆடவில்லை என்று சொன்னார். கடிதத்தின் வாசகத்தில் வார்னரின் கை இருந்ததாகப் பலர் சந்தேகிக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. விவரம் தெரியாத காட்டுப் பையன் என்ற தொனி பள்ளிக்கும் பயிற்சியாளருக்கும் சல்லிவனுக்கும் சௌகரியமாக இருந்தது. எங்களுக்குத் தெரியாது, அவனுக்கும் புரியாது என்று மூன்று பேரும் தப்பிக்கலாம். ஆனால் பொய்ப் பெயர் விஷயம் உண்மை. கல்லூரி மாணவர்கள் கோடையில் வேறு பெயரில் காசுக்கு ஆடுவது அன்று ஊரறிந்த வழக்கம். பொய்ப் பெயர் வைத்தவருக்கு விதி ஒரு கண்ணை மூடிக்கொண்டது. சொந்தப் பெயரில் ஆடியவர் ஆட்டக்குறிப்பில் அச்சாகி மாட்டிக்கொண்டார். ஆகவே ‘தெரிந்தே மீறினார்’ என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டால், அவருக்குத் தண்டனை கொடுத்ததையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆட்டத்திலிருந்து விலக்கியிருக்கலாம். 7,476 என்ற எண்ணை அழித்தது எதற்கு என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஊக்கமருந்து சாப்பிட்டு ஓடியவரின் ஓட்டத்தையும் அழிக்கிறோமே, 100 மீட்டர் ஓட்டக்காரர் பென் ஜான்சன் 1988-ல் ஓடிய 9.79 விநாடியை அழிக்கவில்லையா என்று கேட்கலாம். எனக்குக் கொஞ்சம் யோசிக்கவைக்கும் கேள்வி இதுதான். ஆனால் வித்தியாசம் வெளிப்படையாக இருக்கிறது. மருந்து அந்தப் பத்து விநாடிக்குள் புகுந்து வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் அந்த நேரம் வந்திருக்காது என்று சொல்ல இடமுண்டு. ராக்கி மவுண்டில் இரண்டு வருடம் முன்பு வாங்கிய டாலர்கள் செல்டிக் பார்க்கில் குறுக்குக் கம்பத்தை ஓர் அங்குலம்கூடக் கீழே இறக்கவில்லை. 56 பவுண்டு இரும்பை ஐம்பத்தைந்தாக்கவில்லை. பட்டத்துக்கு உரிமை உண்டா என்பது விதியைப் பொறுத்த கேள்வி. எத்தனை புள்ளி எடுத்தார் என்பது அளவு நாடாவையும் கடிகாரத்தையும் பொறுத்தது. அழித்ததன் விளைவு என்ன பாருங்கள்: கைகுலுக்கி வழிவிட்ட ஷெரிடனின் 7,385 மறுபடியும் உச்சமானது. ஷெரிடனே நம்பாத ஒரு சாதனை அவர் தலையில் கட்டப்பட்டது.

அந்தச் சாம்பியன்ஷிப்பின் அடுத்த பக்கங்களையும் புரட்டலாம். 1914, 1916, 1918 ஆண்டுகளில் ஆல்-ரவுண்ட் பட்டம் வென்றவர் பெயர் ஏவரி பிரண்டேஜ். சிகாகோக்காரர், கட்டட ஒப்பந்ததாரர். ஸ்டாக்ஹோமில் தோர்ப்போடு ஓடியவர். பென்டாத்லானில் ஆறாவது, டெகாத்லானை முடிக்கவில்லை. தோர்ப் பெயர் நீங்கியதும் ஆறு ஐந்தானது. பின்னாளில் ஏ.ஏ.யு.வுக்குத் தலைவர், அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டிக்குத் தலைவர், 1952 முதல் 1972 வரை உலக ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவர். அமெச்சூர் கொள்கையைக் கிட்டத்தட்ட மதமாகவே பாவித்தவர். தோர்ப்பின் பதக்கங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று வந்த கோரிக்கைகள் அவர் காலத்தில் அசையவில்லை. அவரைப் பணக்கார வில்லனாக வரைந்துவிடுவது சுலபம், சரியாகவும் இருக்காது. தகப்பன் விட்டுப்போன பிள்ளை. உறவினர் வீட்டில் வளர்ந்து, பத்திரிகை விற்று, படித்து முன்னேறியவர். என்னால் முடிந்தது, இவனால் ஏன் முடியவில்லை என்று அவர் உள்ளூர நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள்தான் ஏணியைப் பற்றி அதிகம் கண்டிப்பாகப் பேசுவார்கள். ஆனால் அவருக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டமும் சிகாகோவில் ஒரு தொழிலும் இருந்தன. கார்லைலில் தச்சும் தையலும் பண்ணை வேலையும்தான் பிரதானம். பூர்வகுடிகள் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள் என்ற சட்டமே 1924-ல்தான் வந்தது.

அதெல்லாம்தான் சரிசெய்தாகிவிட்டதே என்பார்கள். ஓரளவு உண்மை. பிரண்டேஜ் பதவியை விட்டு இறங்கிய மறுவருடம், 1973-ல், ஏ.ஏ.யு. தோர்ப்பின் அமெச்சூர் தகுதியை மீட்டுக்கொடுத்தது. 1982-ல் ஒலிம்பிக் கமிட்டி அவரை ஸ்டாக்ஹோமின் கூட்டு வெற்றியாளர் ஆக்கியது. 2022-ல் தனி வெற்றியாளர். ஆனால் இந்தத் திருத்தங்கள் எந்தக் காரணத்தைச் சொல்லி வந்தன? 1982-ல் கதவைத் திறந்தது ஒரு நுணுக்கம். எதிர்ப்பு எதுவானாலும் விளையாட்டு முடிந்த 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் விதிப்புத்தகத்திலேயே இருந்தது. தோர்ப் மீதான புகார் ஆறு மாதம் கழித்து வந்தது. அந்தப் புத்தகத்தை ஆராய்ச்சியாளர்கள் வாஷிங்டன் நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுத்துக் காட்டினார்கள். நல்ல வேளை, எடுத்தார்கள். ஆனால் அதன் பொருள், 29-ம் நாள் புகார் வந்திருந்தால் எல்லாம் சரி என்பதுதானே. 1973-ல் ஏ.ஏ.யு. கொடுத்ததும் தகுதிதான்: அவரும் அமெச்சூராக இருந்தவர்தான் என்ற சான்றிதழ். உண்மையில் அவர் இருக்கவில்லை. காசு வாங்கினார். வாங்கியதும் நிஜம், 7,476 எடுத்ததும் நிஜம். இரண்டையும் ஒரே வரியில் அச்சடிப்பதற்குப் பதிலாக, முதலில் இரண்டாவதை அழித்தார்கள், அறுபது வருடம் கழித்து முதலாவதை அழித்தார்கள்.

இப்போது கிளறி என்ன பயன் என்றால், அந்தத் தர்க்கம் இன்னும் சாகவில்லை என்பதுதான் பதில். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு கோடிக்கணக்கான டாலர் தொலைக்காட்சிப் பணத்தில் புரண்டுகொண்டு, தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவர் சம்பாதித்தால் குற்றம் என்று 2021 ஜூலை வரை சொல்லிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கு மட்டும் உச்சவரம்பு கிடையாது. வார்னரின் நிதி, சல்லிவனின் சம்பளம், கிரேஸின் செலவுத் தொகை எல்லாம் அங்கே வேறு வேறு பெயரில் உயிரோடு இருந்தன.

தோர்ப் 1953-ல் கலிஃபோர்னியாவில் ஒரு டிரெய்லர் வீட்டில் இறந்தார். செல்டிக் பார்க் அதற்கு வெகுகாலம் முன்பே, 1930-ல், கைமாறி அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. அவர் கையிலிருந்து 1913-ல் வாங்கிய ஸ்டாக்ஹோம் பதக்கங்கள் பின்னாளில் எங்கோ திருட்டுப்போய்விட்டன. 1983 ஜனவரியில் ஒலிம்பிக் கமிட்டி அவருடைய பிள்ளைகளை அழைத்து, புதிதாக வார்த்த நகல்களைக் கையில் கொடுத்தது.